அலை நீளம் அளந்த ஆசான் ஜகதீச சந்திர போஸ்

விழிஞத்திலிருந்து அடிமலத்துறை வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரையை அடுத்து வாழும் நம் கோட்டுகால் பகுதித் தமிழர்க்கு அலை என்பது புதியதொரு பொருளன்று. அலையின் போக்கைப் பார்த்தே வள்ளம் இறக்கலாமா, ஆகாதா என்று தீர்மானிக்கும் பெரியோர் இக்கரையில் உளர். கடலலையின் ஆற்றலிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று 1991-ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே முதன்முதலாக அமைக்கப்பெற்றதும் இதே விழிஞத்தில்தான். ஆயின், கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் ஒண்ணாத வேறு வகை அலைகள் இரவும் பகலும் நம் வீட்டுச் சுவர்களை ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கின்றன. அவற்றை மின்காந்த அலைகள் என்பர் விஞ்ஞானிகள். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இவ்வலைகளின் மீது ஏறியே நம் இல்லத்தை அடைகின்றன.

எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பங்கட்குத் திருநெல்வேலி வானொலியும் நாகர்கோவில் வானொலியும் நெடுநாளைய தோழர்கள். முன்னது 1197 கிலோஹெர்ட்ஸ் என்றும் பின்னது 101 மெகாஹெர்ட்ஸ் என்றும் அறிவிப்பாளர் சொல்லக் கேட்டுக் கேட்டு அவ்வெண்கள் நம்மவர்க்கு மனப்பாடமாயின. அவை அதிர்வெண்கள், அதாவது, ஒரு வினாடியில் எத்தனை அலைகள் புறப்படுகின்றன என்பதன் கணக்கு. அப்படியாயின் அவ்வலை ஒவ்வொன்றின் நீளம் எவ்வளவு என்று ஒரு சிறுவன் வினவினால் நம்மிற் பலர் விடை கூறாது விழிப்போம். உண்மையில் அது ஒரு வகுத்தற் கணக்கேயன்றி வேறில்லை. ஆனால் அவ்வகுத்தலை நம்பிச் செய்யலாம் என்னும் உறுதியை உலகுக்குத் தந்தவர்கள் அரும்பாடு பட்டிருக்கின்றனர். நம் நாட்டில் அப்பாட்டை முதன்முதல் மேற்கொண்டவர் வங்கத்துப் பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஆவார். அவர்தம் வரலாற்றை, அலை நீளம் என்னும் ஒன்றையே நடுவாக வைத்து, என்னால் இயன்ற அளவு ஈண்டுக் கூற முற்படுகின்றேன்.

போஸ் பிறந்தது 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள். பிறந்த ஊர், இன்று வங்காள தேசத்தில் அடங்கியுள்ள மைமன்சிங். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்டிரேட் உத்தியோகம் பார்த்தவர். அக்காலத்தில் அத்தகைய உத்தியோகஸ்தர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புவது வழக்கம். அதுவே கௌரவம் என்று எண்ணப்பட்டது. பகவான் சந்திரரோ தம் மகனைப் பரீத்பூரில் வங்க மொழிப் பள்ளியிற் சேர்த்தார். தாய்மொழியை முதலிற் கற்க வேண்டும், தன் நாட்டு மக்களோடு ஒன்றிப் பழக வேண்டும், பிற மொழி அதன் பின்னரே என்பது அவர் கருத்து. அப்பள்ளியில் சிறுவன் ஜகதீசனுக்கு ஒரு பக்கத்தில் தந்தையின் ஏவலாளாகிய முஸ்லிம் ஒருவரின் மகனும், மறு பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். மீனவச் சிறுவன் நீர்வாழ் உயிர்களைப் பற்றிச் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையை ஆராயும் ஆவலை ஊட்டின என்று போஸ் முதுமையிலும் நினைவு கூர்ந்தார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, உத்தியோகத்தில் மற்றொரு மொழி என்று மூன்றினிடையே பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்ற குடும்பங்கள் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர்க் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும், தூய சேவியர் பள்ளி, கல்லூரி ஆகியவற்றிலும் பயின்றார். சேவியர் கல்லூரியில் லாபோன் என்னும் பாதிரியார் பௌதிக சாஸ்திரத்தைச் செய்து காட்டிக் கற்பிப்பதில் வல்லவர். சொல்லால் விளக்குவதினும் கருவியால் விளக்குவதே மேல் என்னும் பழக்கம் போஸுக்கு அவரிடமிருந்தே வந்தது. 1880-இல் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். ஓயாத காய்ச்சல் அவரை வாட்டியமையின் அப்படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ராலே பிரபு. மின்காந்த அலைகள் உண்டு என்று காகிதத்தில் கணக்கிட்டுக் கூறிய மாக்ஸ்வெல் என்னும் மேதை 1879-இல் இறந்தபின் அவர் இருந்த கேவண்டிஷ் பேராசிரியர் பதவியை ஏற்றவர் இந்த ராலேயே. ஆசிரியர் மாணவர் என்ற அந்த உறவு பிற்காலத்தில் போஸுக்குப் பெரிதும் பயன்பட்டது.

1885-இல் நாடு திரும்பிய போஸ், ரிப்பன் பிரபுவின் பரிந்துரையால் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக நியமிக்கப்பெற்றார். சென்னையில் மாநகராட்சி மாளிகைக்குப் பெயர் தந்த அதே ரிப்பன்தான் இவர். நியமனம் கிடைத்தது, ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. ஒரே வேலையைச் செய்யும் ஐரோப்பியப் பேராசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அன்றைய விதி. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று காரணம் காட்டி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஆக, மூன்றில் ஒரு பங்கு.

இதற்குப் போஸ் செய்தது யாதெனின், விண்ணப்பம் எழுதவில்லை. வேலையை விட்டு நீங்கவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்றார். செவ்வனே பாடம் நடத்தினார். மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டார். ஒரு மாதமன்று, இரண்டு மாதமன்று, மூன்று ஆண்டுகள். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோர்க்கே இதன் பாரம் விளங்கும். முதல் தேதி சம்பளம் ஐந்தாம் தேதிக்குத் தள்ளிப்போனால் மளிகைக் கடைக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கலங்கும் நமக்கு, மூன்றாண்டு என்பது எண்ணவும் இயலாதது. அன்றியும் அவர் செல்வர் வீட்டுப் பிள்ளையும் அல்லர். தந்தையார் விவசாயப் பண்ணை, தேயிலை, கைத்தொழில் முயற்சிகள் எனப் பொதுநலம் கருதிப் பலவற்றில் பணத்தை இட்டுப் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தார். அக்கடன் முழுவதும் மகன் தோளிலேயே விழுந்தது. இந்நிலையில்தான் 1887-இல் அவர் அபலா தாஸ் என்னும் அம்மையாரை மணந்துகொண்டார். அபலா அம்மையார் நம் சென்னைக்கு அயலாரல்லர். வங்கத்தில் பெண்களை மருத்துவக் கல்லூரியிற் சேர்க்க மறுத்த காலத்தில், 1882-இல், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றவர். உடல் நலம் குன்றியதால் படிப்பை முடிக்காமல் திரும்பினார். சம்பளம் தொடாத கணவரோடு வறுமையைப் பங்கிட்டுக்கொண்டு, பின்னாளில் பெண் கல்விக்கு அரும்பணி ஆற்றியவர் அவர்.

மூன்றாண்டு முடிவில் அரசாங்கம் இறங்கி வந்தது. நியமனம் நிலையானதாக்கப்பட்டு, பழைய நாட்களுக்கும் சேர்த்து முழுச் சம்பளமும் ஒரே தொகையாக வந்தது. அத்தொகை தந்தையின் கடனைத் தீர்க்கச் சென்றது.

இனி அலைக்கு வருவோம். மாக்ஸ்வெல் காகிதத்தில் கண்டதை 1887, 1888-ஆம் ஆண்டுகளில் மெய்ப்பித்துக் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். மின்பொறியினின்று அலைகளைத் தோற்றுவித்து, அவை ஒளியைப் போன்றே திரும்புகின்றன, வளைகின்றன என்று காட்டினார். நம் வானொலி அறிவிப்பாளர் நாள்தோறும் உச்சரிப்பது இவர் பெயரைத்தான். முப்பத்தாறு வயதிலேயே, 1894-ஆம் ஆண்டின் முதல் நாளில், அவர் காலமானார்.

அதிர்வெண்ணுக்கும் அலை நீளத்துக்கும் உள்ள உறவை இவ்விடத்தில் விளக்குதல் வேண்டும். ரயில்வேயில் பணி செய்பவன் ஆதலின் எனக்குத் தெரிந்த உவமையையே கூறுகிறேன். ஒரு சரக்கு வண்டி நெய்யாற்றின்கரை நிலையத்தை நில்லாமற் கடந்து செல்வதாகக் கொள்வோம். பெட்டிகள் யாவும் ஒரே நீளமுடையவை. வண்டியின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். பிளாட்பாரத்தில் நிற்கும் ஒருவர், தம்மை வினாடிக்கு இரண்டு பெட்டிகள் கடப்பதை எண்ணுகிறார். டேப் பிடித்து அளக்காமலேயே ஒரு பெட்டியின் நீளம் 10 மீட்டர் என்று அவர் கூறிவிடலாம். வேகத்தை எண்ணிக்கையால் வகுத்தால் நீளம் கிடைக்கும், அவ்வளவே. மின்காந்த அலையின் வேகம் ஒளியின் வேகமே. அது வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். கணக்கின் வசதிக்காக 3 லட்சம் கிலோமீட்டர், அதாவது 30 கோடி மீட்டர் என்று கொள்வது வழக்கம். திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 11,97,000 அலைகள். 30 கோடியை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 250 மீட்டர். ஒரே ஒரு அலையின் நீளம் அவ்வளவு! நாகர்கோவிலின் 101 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 10 கோடியே 10 லட்சம் அலைகள். நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கை பெருகப் பெருக நீளம் சுருங்குகிறது என்பது இதனால் விளங்கும். மெகாஹெர்ட்ஸில் எண் தரப்பட்டிருந்தால் 300-ஐ அதனால் வகுத்தால் மீட்டரில் விடை வரும் என்பது மனத்திற் கொள்ள எளிய வாய்பாடு. பழைய ரேடியோப் பெட்டிகளின் முகப்பில் சிற்றலைக்கு 25, 31, 41 என்று மீட்டர்கள் அச்சிட்டிருந்தனவே, அவை இந்த நீளங்கள்தாம். 41 மீட்டர் என்றால் 7.3 மெகாஹெர்ட்ஸ். உதகையில் 1970 முதல் இயங்கிவரும் பெரிய ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்பது. அந்த அலையின் நீளம் 92 சென்டிமீட்டர்.

ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. இக்கணக்கு வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் உரியது. கண்ணாடி, கந்தகம் போன்ற பொருள்களுக்குள் நுழைந்ததும் அலையின் வேகம் குறைகிறது, அதிர்வெண் மாறுவதில்லை, ஆதலின் நீளமே குறுகுகிறது. இங்கே என் சரக்கு வண்டி உவமை உதவாது. வேகம் குறைந்தால் பெட்டி குறுகும் வண்டியை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் கட்டவில்லை.

இன்று அதிர்வெண்ணை எண்ணித் தர மின்னணுக் கருவிகள் உள்ளன. நாம் வகுத்தால் போதும். ஹெர்ட்ஸின் காலத்தில் வினாடிக்குக் கோடிக்கணக்கில் எழும் அதிர்வுகளை எண்ணவல்ல கருவி உலகில் எங்கும் இல்லை. பிளாட்பாரத்தில் நிற்பவருக்குப் பெட்டிகளை எண்ணக் கண் இல்லை என்பது போன்ற நிலை. ஆகவே ஹெர்ட்ஸ், அலையைச் சுவரில் மோதித் திரும்பச் செய்து நீளத்தை அளந்தார். தம் கருவியின் வடிவத்தையும் அளவையும் கொண்டு அதிர்வெண்ணைக் காகிதத்திற் கணக்கிட்டார். அக்கணக்கில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. இரண்டின் வர்க்கமூலம் ஒன்று விடுபட்டதைப் பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரே எடுத்துக் காட்டினார். பெரியோர்க்கும் வகுத்தலும் பெருக்கலும் எளிதல்ல என்பதற்காக இதனைக் கூறவில்லை. அதிர்வெண்ணிலிருந்து தொடங்குவது அன்று எத்துணை வழுக்கலான வழி என்பதைக் காட்டவே கூறினேன்.

1894-இல் ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் என்பார் இங்கிலாந்தில் ஆற்றிய சொற்பொழிவு நூலாகிப் போஸின் கைக்கு வந்தது. அவ்வாண்டு தம் பிறந்த நாளில், இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று உறுதி பூண்டார். அப்போது அவருக்கு 36 வயது. இளமையிலேயே ஆராய்ச்சி தொடங்கினாலன்றி ஆகாது என்பார்க்கு இது நல்ல விடை. ஆராய்ச்சிக் கூடம் என்று கல்லூரியில் ஒன்றும் இல்லை. குளியலறையை ஒட்டி 24 சதுர அடியில் ஒரு சிறு அறை கிடைத்தது. கருவி செய்வோரும் இல்லை. எழுத்தறியாத தகர வேலைக்காரர் ஒருவரைத் தாமே பழக்கி, அவரைக் கொண்டு கருவிகளைச் செய்வித்தார். கல்லூரிப் பாடங்களை முடித்துவிட்டு எஞ்சிய நேரத்தில், பெரும்பாலும் தம் கைப்பணத்தைச் செலவிட்டே இதெல்லாம் நடந்தது.

போஸ் மேற்கொண்ட முதல் தீர்மானமே அவரது மேதையைக் காட்டுகிறது. ஹெர்ட்ஸ் ஒளியோடு ஒப்பிட்ட சோதனைகளிற் பயன்படுத்திய அலை ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமுடையது. அதிர்வெண் வினாடிக்கு ஏறக்குறைய 45 கோடி. இத்துணை நீண்ட அலையை வளைக்கவும் திருப்பவும் இரண்டு மீட்டர் உயரமுள்ள உலோக ஆடிகளும், 600 கிலோ அளவு எடையுள்ள கீல் பட்டகமும் அவருக்கு வேண்டியிருந்தன. அலை நீளத்தைக் காட்டிலும் கருவி மிகப் பெரியதாக இருந்தால்தான் அலை ஒளிக்கதிர் போல நேராக ஒழுகும். இல்லையேல் கருவியைச் சுற்றி வளைந்து ஓடிவிடும். கடலில் ஊன்றிய ஒற்றைக் கம்பத்தை அலை பொருட்படுத்தாமல் கடப்பதையும், பெரிய கற்சுவரில் மோதித் திரும்புவதையும் பார்த்தவர்க்கு இது புரியும். 24 சதுர அடி அறையில் 600 கிலோ பட்டகத்துக்கு இடம் ஏது? கருவியைப் பெரிதாக்க வழியில்லாத போஸ் அலையைச் சிறிதாக்கினார். சிறு உலோக மணிகளுக்கிடையே பொறியை எழுப்பி, 2.5 சென்டிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளைப் படைத்தார். உலகில் அதுவரை எவரும் இத்துணைக் குறுகிய மின்னலைகளைக் கொண்டு இவ்வளவு விரிவாகச் சோதனை செய்ததில்லை. அவர் கருவி முழுவதும் ஒரு மேசைமேல் அடங்கியது.

ஆனால் அலையின் நீளம் இன்னது என்று மெய்ப்பிக்க வேண்டுமே! இங்குத்தான் போஸ் வழுக்கலான வழியை விட்டு நேர் வழியிற் சென்றார். அதிர்வெண்ணிலிருந்து நீளத்துக்கு வராமல், நீளத்தை முதலில் அளந்து, அதிலிருந்து அதிர்வெண்ணைப் பெற்றார். ஒளியின் நீளத்தை அளக்க விஞ்ஞானிகள் கையாளும் கீற்றணி என்னும் கருவியைப் பெரிய உருவத்தில் அமைத்தார். உலோகப் பட்டைகளைச் சம இடைவெளி விட்டு, சன்னற் கம்பிகள் போல நிறுத்துவதே அது. இடைவெளிகளினூடே புகும் அலைகள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், ஓர் இடைவெளியிலிருந்து வரும் அலை அடுத்த இடைவெளியிலிருந்து வருவதைக் காட்டிலும் சரியாக ஓர் அலை நீளம் பின்தங்கி வருகிறது. அங்கே முகட்டோடு முகடு பொருந்தி, அலை வலுக்கிறது. உணர்கருவியின் முள் அசைகிறது. அக்கோணத்தை அளந்தால் போதும். ஒரு பட்டையும் ஓர் இடைவெளியும் சேர்ந்த அகலத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அலை நீளம் கிடைத்துவிடும். விளக்கத்திற்காக ஒரு கணக்கு: அவ்வகலம் 3 சென்டிமீட்டர், கோணம் 30 பாகை என்று கொள்வோம். 30 பாகையின் சைன் அரை. ஆகவே அலை நீளம் 1.5 சென்டிமீட்டர். ஒளியின் வேகம் வினாடிக்கு 3,000 கோடி சென்டிமீட்டர், அதை 1.5-ஆல் வகுத்தால் அதிர்வெண் வினாடிக்கு 2,000 கோடி. எண்ண எந்தக் கருவியாலும் இயலாத ஓர் எண்ணைப் பாகைமானி ஒன்றினால் பெற்றுவிட்டோம். போஸின் மிகக் குறுகிய 5 மில்லிமீட்டர் அலைக்கு இவ்வாறே கணக்கிட்டால் வினாடிக்கு 6,000 கோடி அதிர்வு என்று வரும். இக்காலத்தார் அதனை 60 கிகாஹெர்ட்ஸ் என்பர்.

அவர் கருவிகளைப் பற்றி இன்னும் ஒரு சொல். அலையை வளைக்கும் பட்டகத்தைக் கந்தகத்தாற் செய்தார். அலையின் அதிர்வு எத்திசையில் உள்ளது என்று சோதிக்கச் சணல் நாரைப் பயன்படுத்தினார். சணல் வங்கத்தின் விளைபொருள். அதே சோதனைக்கு ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகட்டுத் தாள்களைச் செருகினார். அப்புத்தகம் யாது தெரியுமா? பிராட்ஷா என்னும் ரயில்வே கால அட்டவணை! ஒரு திசையில் வைத்தால் அலை புத்தகத்தை ஊடுருவிச் செல்லும். திருப்பி வைத்தால் தடைப்பட்டு நிற்கும். கால அட்டவணையைப் படித்து எதுவும் விளங்காது திகைத்தவர் நாட்டில் பலர். அதனூடே பார்க்க வழி கண்டவர் இவர் ஒருவரே.

முதற் கட்டுரை 1895 மே மாதத்தில் வங்காள ஆசியக் கழகத்தில் வாசிக்கப்பெற்றது. அலை நீளத்தைக் கீற்றணியால் அளந்த கட்டுரையை ராலே பிரபு லண்டன் ராயல் சங்கத்துக்கு அனுப்பினார். 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் போஸுக்கு விஞ்ஞானப் பேரறிஞர் பட்டம் அளித்தது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே தகுதி என்று மதிக்கப்பெற்றவர், பதினோராண்டுக்குள், அவ்வாறு மதித்தவர்களுடைய நாட்டின் தலைமைச் சங்கத்தில் இடம் பெற்றார். அதற்கு முன்பே, 1895-இல், கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன் தம் அலைகளைச் செலுத்திக் காட்டினார். இடையே சுவர்கள் நின்றும் தடைப்படாது, தொலைவிலிருந்த மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது.

1896-இல் இங்கிலாந்து சென்று லிவர்பூலில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானக் கழகத்தில் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். முதியவரும் கால் தளர்ந்தவருமான கெல்வின் பிரபு, படியேறி மகளிர் மாடத்துக்குச் சென்று, கணவரின் வெற்றிக்காக அபலா அம்மையாரின் கைகளைப் பற்றி வாழ்த்தினார். வறுமைக் காலத்தில் உடன் நின்றவருக்கும் பங்கு உண்டென்று அம்முதியவர் எப்படியோ உணர்ந்தார் போலும். 1897 ஜனவரி 29-ஆம் நாள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் சொற்பொழிவாற்றினார்.

வானொலியைக் கண்டவர் போஸே, மார்க்கோனி அதனைக் கவர்ந்துகொண்டார் என்று மேடைகளிற் பேசக் கேட்கிறோம். பற்று மிகுதியால் எழும் இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. கணக்கே இதற்குச் சான்று. மார்க்கோனி 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடக்கச் செலுத்திய அலை பல நூறு மீட்டர் நீளமுடையது; போஸின் அலையோ மில்லிமீட்டர்க் கணக்கு. நீண்ட அலை மலையையும் பூமியின் வளைவையும் தழுவிச் செல்லும். 5 மில்லிமீட்டர் அலையைக் காற்றிலுள்ள பிராணவாயுவே விழுங்கிவிடும். செய்தி அனுப்புவது ஒருவர் நோக்கம். அலையின் இயல்பை அறிவது மற்றவர் நோக்கம். ஆயினும் மார்க்கோனிக்கு அன்று அலையை உணர்த்திய பாதரச உணர்கருவியை ஒத்த அமைப்பைப் போஸ் 1899-இலேயே ராயல் சங்கத்துக்கு எழுதி வெளியிட்டிருந்தார் என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். அந்தப் பெருமையை அவருக்கு மறுப்பதும் நேர்மையன்று.

தம் கண்டுபிடிப்புகளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றுப் பொருளீட்டப் போஸ் விரும்பவில்லை. 1901-இல் ஒரு கம்பெனியார் வலிய வந்து கேட்டபோதும் மறுத்தார். சகோதரி நிவேதிதையும், அமெரிக்கப் பெருமாட்டி சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரில் ஒரே ஒரு விண்ணப்பம் அமெரிக்காவில் செய்யப்பெற்றது. 1904-இல் உரிமை வழங்கப்பட்டது. கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்டு அலையை உணரும் கருவி அது. அரைக்கடத்திப் பொருளைப் பயன்படுத்திய கருவிகளுக்கு உலகில் வழங்கிய உரிமைகளில் மிக முற்பட்டது. அதிலும் அவர் பணம் தேடவில்லை. பிள்ளைக்குட்டிக்காரன் என்ற முறையில் இச்செயலை முற்றும் போற்ற எனக்கு நா எழவில்லை. அவ்வருவாய் வந்திருந்தால் எத்தனை மாணவர்க்கு உதவியிருக்கும் என்று தோன்றுகிறது. அவர் அப்படி எண்ணவில்லை.

1900-க்குப் பின் போஸின் நாட்டம் உயிரற்ற பொருள், தாவரம் ஆகியவற்றின் உணர்ச்சியைப் பற்றியதாயிற்று. அவ்வாண்டு பாரிஸில் நடந்த பௌதிக மாநாட்டில் அவர் பேசியபோது, நம் குமரிமுனையில் 1892-இல் தவமிருந்த விவேகானந்த சுவாமிகளும் அந்நகரில் இருந்து, தம் நாட்டவரின் வெற்றியைக் கண்டு பெருமிதம் அடைந்தார். அடுத்த ஆண்டு லண்டனில் உடலியல் அறிஞர்கள் இவரை எதிர்த்தனர். ராயல் சங்கம் இவர் கட்டுரையை வெளியிடாமல் கிடப்பிற் போட்டது. போஸ் சோர்ந்தாரில்லை. தாவர வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியைப் படைத்தார். தாவரங்களைப் பற்றிய அவருடைய முடிவுகள் அனைத்தையும் உலகம் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. தாவரங்களில் மின் துடிப்புகள் ஓடுகின்றன என்பது நிலைபெற்ற உண்மையாயிற்று.

தாய்மொழிப் பள்ளியிற் படித்தவர் அதை மறக்கவில்லை. 1896-இலேயே வங்க மொழியில் விஞ்ஞானக் கற்பனைக் கதை ஒன்றை எழுதிப் பரிசு பெற்றார். 1921-இல் அவருடைய வங்கக் கட்டுரைகள் அவ்யக்த என்னும் பெயரில் நூலாயின. வங்கீய சாகித்திய பரிஷத்துக்குத் தலைவராகவும் விளங்கினார்.

1915-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் சர் பட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்த நாளிலேயே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். கட்டுரையைக் கிடப்பிற் போட்ட ராயல் சங்கமே 1920-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். 79-ஆம் வயது நிறைய ஒரு வாரமே இருந்தது.

அவர் அளந்த குறு அலைகளை அரை நூற்றாண்டுக்கு உலகம் ஏறக்குறைய மறந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராடார் வந்தபின்னரே சென்டிமீட்டர் அலைகள் மீண்டும் தேடப்பெற்றன. 2012-இல் அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் கழகம், மில்லிமீட்டர் அலைகளை முதன்முதல் ஆராய்ந்தவர் போஸ் என்பதைத் தன் வரலாற்று மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது. 2022-இல் நம் அரசாங்கம் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்கென ஏலம் விட்ட அலைவரிசைகளுள் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. 300-ஐ 26-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர். குளியலறைக்குப் பக்கத்து அறையில் போஸ் கையாண்ட இரண்டரைச் சென்டிமீட்டருக்கும் ஐந்து மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அலை அது. அவர் பயன்படுத்திய கருவிகள் கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலேயே காக்கப்பெற்று வருகின்றன.